ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள்: கணக்கில் வந்தவர்களும் விடுபட்டவர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். மெக்சிகோ, கொலம்பியா, மொரீஷியஸ், பக்கத்துக் கர்நாடகம் என்று பேச்சு வந்தால் மட்டும் ‘அங்கேயுமா இருக்கிறார்கள்?’ என்று கேட்கிறோம். அந்த ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களிடம் அந்தந்த நாட்டு அதிகாரிகளும் இதையேதான் கேட்டிருக்கிறார்கள். ‘நாங்கள் இருக்கிறோம், இந்த மண்ணுக்காரர்கள்தான்’ என்று அரசாங்க ஏட்டில் ஏற்றுவதற்கே சில சமூகங்கள் பல தலைமுறை போராடியிருக்கின்றன. இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகள் பெரும்பாலும் அந்தப் போராட்டத்தைப் பற்றியவை.

ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்று யாரையெல்லாம் சொல்கிறோம்?

16 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை அட்லாண்டிக் கடல் வழியாகச் சுமார் 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். உயிரோடு கரை இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம் பேர். இதில் இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பகுதிக்கு நேராகக் கொண்டுவரப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. பிரேசிலுக்கு மட்டும் சுமார் 48 லட்சம் பேர் போனார்கள். ஆகவே இந்தக் கதையின் பெரும்பகுதி நடந்த இடம் கரீபியத் தீவுகளும் தென் அமெரிக்காவும்தான்.

இந்தியப் பெருங்கடல் வழி அதைவிடப் பழையது. எத்தியோப்பியாவிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் அரேபியா, ஈராக், ஈரான், இந்தியா, இலங்கை என்று மக்கள் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் மாலுமிகளாகவும் வந்திருக்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டில் படிக்கவும் வேலை தேடியும் லண்டன், பாரிஸ், நியூயார்க் போனவர்கள் தனி. ஆப்பிரிக்க ஒன்றியம் 2005-இல் கொடுத்த வரையறை இவர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறது. கண்டத்துக்கு வெளியே வாழும் ஆப்பிரிக்க வம்சாவளி மக்களை அந்த ஒன்றியம் தன் ஆறாவது பிராந்தியமாகவே கருதுகிறது.

அங்கீகாரம் என்றால் இங்கே என்ன பொருள்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு கட்டம், அரசியல் சாசனத்தில் ஒரு வரி, உழுகிற நிலத்துக்கு ஒரு பட்டா, பள்ளிப் பாடத்தில் ஒரு பக்கம். இவற்றோடு, சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர் உங்களை வெளிநாட்டுக்காரர் என்று நினைக்காமல் இருப்பதும் சேரும். கடைசியாகச் சொன்னது எந்தச் சட்டத்திலும் எழுதப்படுவதில்லை. அன்றாட வாழ்க்கையில் அதுதான் அதிகம் வலிக்கிறது.

மெக்சிகோவில் கறுப்பின மக்கள் இருக்கிறார்களா?

2020 கணக்கெடுப்பின்படி 25,76,213 பேர். நாட்டு மக்கள்தொகையில் 2 சதவீதம். குர்ரேரோ மாநிலத்தில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் மேல்.

ஸ்பானியர் ஆட்சிக் காலத்தில் சுமார் 2 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அங்கே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். கரும்புத் தோட்டம், வெள்ளிச் சுரங்கம், மாட்டுப் பண்ணை என்று எல்லாவற்றிலும் அவர்களின் உழைப்பு இருந்தது. வெராக்ரூஸ் மலைப் பகுதியில் யாங்கா என்பவர் தலைமையில் தப்பி ஓடிய அடிமைகள் பல ஆண்டுகள் தனிக் குடியிருப்பு அமைத்து வாழ்ந்தார்கள். 1609-இல் படை அனுப்பியும் அவர்களை ஒடுக்க முடியவில்லை. கடைசியில் ஸ்பானிய அரசே இறங்கிவந்து அவர்களுக்கென்று ஒரு சுதந்திர ஊரை ஒப்புக்கொண்டது. அந்த ஊரின் பெயர் இன்று யாங்கா. மெக்சிகோவின் இரண்டாவது அதிபர் விசென்டே குர்ரேரோவும் ஆப்பிரிக்க வம்சாவளி கொண்டவர். 1829-இல் அடிமைமுறையை ஒழித்து ஆணையிட்டவர் அவர்தான். குர்ரேரோ மாநிலம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

இத்தனை இருந்தும், பசிபிக் கரையோரமுள்ள கோஸ்டா சிகா பகுதிக்காரர்கள் வேறு மாநிலத்துக்குப் பேருந்தில் போனால் குடியேற்ற அதிகாரிகள் இறக்கி விசாரிப்பது வழக்கமாக இருந்தது. ‘மெக்சிகோவில் கறுப்பர்கள் கிடையாது, நீ கியூபாவா, ஹோண்டுராஸா?’ என்று கேட்பார்கள். மெக்சிகோக்காரர்தான் என்று நிரூபிக்கத் தேசிய கீதத்தைப் பாடச் சொன்னதாகப் பலர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். நாட்டின் விடுதலைக்குப் போராடி அதிபரான ஒருவரின் இனத்தைச் சேர்ந்தவர்கள் நடுரோட்டில் கீதம் பாடி நிரூபிக்க வேண்டியிருந்தது. எத்தனை முறை படித்தாலும் இது எனக்கு ஆறுவதில்லை.

1997-இல் எல் சிருவேலோ என்ற ஊரில் கறுப்பின ஊர்களின் முதல் கூட்டம் நடந்தது. டிரினிடாடிலிருந்து வந்து அந்தப் பகுதியில் பாதிரியாராக இருந்த கிளின் ஜெமாட் அதற்கு முன்னின்று உழைத்தார். அங்கே தொடங்கிய கோரிக்கைதான் 2015 மாதிரிக் கணக்கெடுப்பில் முதல்முறையாக ஒரு கேள்வியாக இடம்பிடித்தது. அப்போது பதிவானவர்கள் சுமார் 13.8 லட்சம். 2019 ஆகஸ்டில் அரசியல் சாசனத்தின் 2-ஆம் பிரிவு திருத்தப்பட்டு, ஆப்ரோ-மெக்சிகன் மக்கள் நாட்டின் பன்மைப் பண்பாட்டின் ஓர் அங்கமாக ஏற்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டே முழுக் கணக்கெடுப்பிலும் அந்தக் கேள்வி வந்தது.

13.8 லட்சம் ஐந்தே ஆண்டில் 25 லட்சம் ஆனது எப்படி?

பிறப்பு விகிதம் காரணமல்ல. தன்னை ‘மொரேனோ’, அதாவது மாநிறம், என்று மட்டும் சொல்லிப் பழகியவர்கள் ‘நானும் ஆப்ரோ-மெக்சிகன்’ என்று சொல்லத் துணிந்ததே முக்கியக் காரணம். 1910 புரட்சிக்குப் பிறகு மெக்சிகோ அரசு பரப்பிய தேசியக் கதையில் இரண்டே பெற்றோர்தான்: ஸ்பானியரும் பூர்வகுடியினரும். மூன்றாவது வேர் ஒன்று இருப்பதைப் பாடப்புத்தகம் சொல்லவில்லை. பள்ளியில் கேட்டிராத பெயரைக் கணக்கெடுக்க வந்தவரிடம் யார் சொல்வார்கள்? அதனால்தான் கணக்கெடுப்புக்கு முன்பாகச் சமூக அமைப்புகள் பெரிய பிரசாரம் செய்தன.

கணக்கெடுப்பில் ஒரு கேள்வி விடுபட்டால் அப்படி என்ன ஆகிவிடும்?

இதற்கு கொலம்பியாதான் பதில். 2005 கணக்கெடுப்பில் அங்கே தங்களை ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்று சொன்னவர்கள் 43 லட்சம் பேர். 2018 கணக்கெடுப்பில் 29.8 லட்சம். 13 ஆண்டுகளில் 13 லட்சம் பேர் காகிதத்திலிருந்து மறைந்துபோனார்கள். போரோ குடிபெயர்வோ இதற்கு முக்கியக் காரணமில்லை. கணக்கெடுப்பாளர்கள் பல ஊர்களுக்குப் போகவே இல்லை. போன இடங்களிலும் பலர் இனம் பற்றிய கேள்வியைக் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்துத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள் என்று புகார்கள் குவிந்தன. அதே 2018-இல் எடுக்கப்பட்ட வாழ்க்கைத் தர ஆய்வை வைத்துப் புள்ளியியல் துறையே எண்ணிக்கையை 46 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிட வேண்டியதாயிற்று.

சமூகத் தலைவர்கள் வழக்குப் போட்டார்கள். 2022-இல் அரசியல் சாசன நீதிமன்றம், அரசு அந்த மக்களின் உரிமைகளை மீறிவிட்டது என்று தீர்ப்பளித்தது. புள்ளிவிவரத்தில் காணாமல் போவது உரிமை மீறல் என்று ஒரு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் சொன்னது பெரிய விஷயம். இந்த எண்களை வைத்துத்தான் பள்ளி, மருத்துவமனை, குடிநீருக்கான பணம் பிரிக்கப்படுகிறது. பசிபிக் கரையில் உள்ள சோகோ மாநிலத்தின் வறுமையைப் பார்த்தவர்களுக்கு 13 லட்சம் பேர் குறைவது என்ன என்று தெரியும்.

கொலம்பியாவுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. 1991 சாசனத்தைத் தொடர்ந்து வந்த 1993-ஆம் ஆண்டின் 70-ஆம் சட்டப்படி, பசிபிக் கரையோரக் கறுப்பினச் சமூகங்களுக்கு 50 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் கூட்டுப் பட்டா கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த நிலத்தைத் தனி ஆள் விற்க முடியாது. இதே பசிபிக் பகுதியிலிருந்து வந்த பிரான்சியா மார்க்கெஸ், தன் ஊரில் சட்டவிரோதத் தங்கச் சுரங்கத்தை எதிர்த்துப் போராடியவர், 2022-இல் நாட்டின் துணை அதிபரானார்.

அர்ஜென்டினாவில் கறுப்பின மக்கள் அழிந்துவிட்டார்கள் என்கிறார்களே?

அழியவில்லை, அழிக்கப்பட்ட கணக்கு அது. 1778-இல் புவெனஸ் அயர்ஸ் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆப்பிரிக்க வம்சாவளியினர். போர்களும் நோய்களும் பலரைக் கொன்றது உண்மை. ஆனால் மிச்சமிருந்தவர்களைக் கணக்கெடுப்பு கேட்கவே இல்லை. 2010-இல் மறுபடி கேட்டபோது சுமார் 1.5 லட்சம் பேரும், 2022-இல் 3 லட்சம் பேரும் கையைத் தூக்கினார்கள். விடுதலைப் போரில் போராடி, ‘தாய்நாட்டின் தாய்’ என்று அழைக்கப்பட்ட மரியா ரெமெடியோஸ் டெல் வாலே என்ற கறுப்பினப் பெண்ணின் படம் 2024-இல் 10,000 பெசோ நோட்டில் வந்தது.

பிரேசிலில் யார் கறுப்பர் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே சிக்கலான கேள்வி.

பிரேசில் 1888-இல் அடிமைமுறையை ஒழித்தது. அமெரிக்கக் கண்டங்களில் கடைசியாக ஒழித்த நாடு அதுதான். ஐக்கிய அமெரிக்காவில் ஒரு துளி ஆப்பிரிக்க ரத்தம் இருந்தாலும் கறுப்பர் என்று முத்திரை குத்தினார்கள். பிரேசிலில் இதற்கு நேர்மாறு: கொஞ்சம் வெளுத்திருந்தால் வேறு பெயர், முடி சற்று நேராக இருந்தால் இன்னொரு பெயர். 1976-இல் ஒரு ஆய்வில் மக்களையே தங்கள் நிறத்தைச் சொல்லச் சொன்னபோது நூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள் வந்தன. கறுப்பு என்ற ஒரு சொல்லைத் தவிர்க்கத்தான் இத்தனை சொற்கள் தேவைப்பட்டன என்பது கறுப்பின இயக்கத்தவர்களின் வாதம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

2022 கணக்கெடுப்பில் தங்களைக் கலப்பினத்தவர் என்று சொன்னவர்கள் 45.3 சதவீதம், வெள்ளையர் 43.5, கறுப்பர் 10.2. முதல் பிரிவையும் மூன்றாவது பிரிவையும் சேர்த்தால் நாட்டில் பெரும்பான்மை. 2012-இல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் பாதி இடங்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கி, அதற்குள் நிறவாரி இடஒதுக்கீடும் கொண்டுவந்தார்கள். ஆரம்பத்தில் மாணவர் சொன்னாலே போதும் என்றிருந்தது. வெள்ளை முகத்தோடு இருந்தவர்களும் தங்களைக் கறுப்பர் என்று எழுதிக்கொடுத்து மருத்துவப் படிப்பில் சேர்ந்தது தெரியவந்ததும் கொதிப்பு ஏற்பட்டது. பிறகு பல்கலைக்கழகங்கள் குழுக்களை அமைத்தன. விண்ணப்பித்தவர் அந்தக் குழுவின் முன் நேரில் நிற்க வேண்டும். பாட்டி கறுப்பர் என்று காகிதம் காட்டினால் எடுபடாது. சமூகம் உங்களைப் பார்க்கும்போது என்னவாகப் பார்க்கும் என்பதுதான் அளவுகோல்.

நம் ஊரில் சாதிச் சான்றிதழ் பெற்றோர் வழியாக வருகிறது, முகத்தைப் பார்த்து யாரும் தருவதில்லை. பிரேசிலில் முகம்தான் சான்று. ஒரு குழு உட்கார்ந்து ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையின் மூக்கையும் முடியையும் பார்ப்பது கேட்கவே சங்கடமாக இருக்கிறது. ஆனால் அந்த ஊரில் காவலர் துப்பாக்கியை நீட்டும்போது பாட்டியின் புகைப்படத்தைக் கேட்பதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறார். பாகுபாடு எதை வைத்து நடக்கிறதோ அதை வைத்தே பரிகாரமும் இருக்க வேண்டும் என்ற தர்க்கத்தில் நியாயம் இருக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2017-இல் அரசு வேலை ஒதுக்கீடு தொடர்பான வழக்கில் இந்தச் சரிபார்ப்பை ஏற்றுக்கொண்டது. என்றாலும் இரண்டுங்கெட்டான் நிறத்தில் இருக்கும் பிள்ளைகளின் கதி இன்னும் குழுவுக்குக் குழு மாறுகிறது.

நிலத்துக்கும் அடையாளத்துக்கும் என்ன தொடர்பு?

தப்பி ஓடிய அடிமைகள் காட்டுக்குள் அமைத்த ஊர்களுக்குப் பிரேசிலில் கிலோம்போ என்று பெயர். 1988 சாசனம் அந்த ஊர்களின் வாரிசுகளுக்கு நில உரிமை உண்டு என்றது. அவர்களைத் தனியாக எண்ணவே 2022 வரை ஆனது. எண்ணிப் பார்த்தால் 13 லட்சம் பேர். முறையாகப் பட்டா கிடைத்த நிலத்தில் வாழ்பவர்கள் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

சூரினாமில், தப்பி ஓடிய அடிமைகளின் வாரிசுகளான சாரமக்கா மக்கள் 1762-இலேயே டச்சுக்காரர்களைச் சமாதான ஒப்பந்தம் போடவைத்தவர்கள். 1960-களில் அபோபாக்கா அணை கட்டியபோது அவர்களின் ஊர்கள் பல தண்ணீருக்குள் போயின. பிறகு மரம் வெட்டவும் சுரங்கம் தோண்டவும் அரசு கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தது. 2007-இல் அமெரிக்க நாடுகளுக்கு இடையிலான மனித உரிமை நீதிமன்றம், சாரமக்கா மக்கள் அந்த மண்ணின் பூர்வகுடி இல்லை என்றாலும் அந்த நிலத்தோடு பிணைந்த ஒரு தனி மக்களினம், கூட்டாக நிலம் வைத்திருக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொன்னது. அடையாளம் என்பது பாட்டும் கூத்தும் மட்டும் என்று நினைப்பவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

எண்ணாமலே விட்டால் எல்லோரும் சமம் ஆகிவிட மாட்டார்களா?

பிரான்ஸ் அப்படித்தான் சொல்கிறது. குடியரசுக்கு முன் எல்லோரும் குடிமக்கள், இனவாரியாக எண்ண மாட்டோம் என்பது அவர்களின் கொள்கை. இனத்தின் அடிப்படையில் புள்ளிவிவரம் திரட்டுவதை அரசியல் சாசன மன்றம் 2007-இல் தடுத்தது. அதே பிரான்ஸ் 2001-இல் அடிமை வாணிபத்தை மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று சட்டமாகவே அறிவித்தது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு கயானாவைச் சேர்ந்த கிறிஸ்டியான் தொபிரா. நூற்றாண்டுகளுக்கு முந்தைய குற்றத்தை ஒப்புக்கொள்ள முடிந்த நாட்டுக்கு, இன்று வேலைக்கு விண்ணப்பிக்கும் கறுப்பின இளைஞர் எத்தனை பேர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க மனமில்லை. எண்ணாவிட்டால் பாகுபாடு போய்விடாது. நிரூபிக்கத்தான் வழி இல்லாமல் போகும்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?

கணக்கெடுப்பு அங்கே விரிவாகவே இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். 1948-இல் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பலில் தொடங்கி, கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டிஷ் குடிமக்களாகவே வந்தவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் பல பத்தாண்டுகள் கழித்து ஆவணம் கேட்டு விரட்டினார்கள். வந்து இறங்கியபோது எழுதிய பழைய பதிவுச் சீட்டுகளை உள்துறையே 2010-இல் அழித்திருந்தது. குறைந்தது 83 பேர் தவறாக நாடு கடத்தப்பட்டார்கள். 2018-இல் இது வெளியே வந்தபோது உள்துறை அமைச்சர் பதவி விலகினார்.

அமெரிக்காவில் இப்போது கறுப்பின மக்களில் பத்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். நைஜீரியாவிலிருந்து வந்த மருத்துவரின் மகளும், மிசிசிப்பியில் பருத்தி பறித்தவரின் கொள்ளுப்பேத்தியும் படிவத்தில் ஒரே கட்டத்தில் டிக் அடிக்கிறார்கள். அடிமைமுறைக்கான இழப்பீடு பற்றிப் பேச்சு வரும்போது இந்த ஒரே கட்டம் போதாது என்று இரண்டாவது பெண் சொல்வதில் நியாயம் உண்டு. போலீஸ் வண்டி நிறுத்தும்போது இருவரும் ஒன்றுதான் என்று முதல் பெண் சொல்வதும் உண்மை.

இருந்த குடியுரிமையைப் பறித்த நாடும் உண்டா?

உண்டு. டொமினிகன் குடியரசின் அரசியல் சாசன நீதிமன்றம் 2013 செப்டம்பரில் ஒரு தீர்ப்பு கொடுத்தது. முறையான ஆவணம் இல்லாத வெளிநாட்டவருக்குப் பிறந்தவர்கள் குடிமக்கள் அல்ல என்றும், இது 1929 வரை பின்னோக்கிப் பொருந்தும் என்றும் சொன்னது. அடிபட்டவர்களில் பெரும்பாலோர் கரும்பு வெட்ட வந்த ஹைத்திக்காரர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் நாடற்றவர்களானார்கள். மலையகத் தமிழர் 1948-இல் குடியுரிமை இழந்த கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு ஒரு சட்டம் போட்டுச் சிலருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். பலருக்கு இன்னும் காகிதம் வரவில்லை.

மொரீஷியஸ் தமிழர்கள் வாழும் நாடுதானே, அங்கே ஆப்பிரிக்க வம்சாவளியினர் நிலை என்ன?

அந்தத் தீவுக்குத் தமிழ்க் கைவினைஞர்கள் 18-ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியிலிருந்து வந்தார்கள். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகள் கொண்டுவரப்பட்டதும் அதே பிரெஞ்சுக் காலத்தில்தான். 1835 பிப்ரவரி 1-இல் விடுதலை வந்தது. அப்புறம் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள்.

1968 அரசியல் சாசனம் மக்களை இந்துக்கள், முஸ்லிம்கள், சீனர்கள் என்று மூன்றாகப் பிரித்தது. வாழ்க்கை முறையை வைத்துப் பார்த்து இந்த மூன்றிலும் சேராதவர்கள் எல்லோரும் ‘பொது மக்கள்’. ஆப்பிரிக்க வம்சாவளி கிரியோல் மக்கள் அந்த நான்காவது மூட்டையில்தான், அவர்களின் முன்னோர்களை அடிமையாக வைத்திருந்த பிரெஞ்சுக் குடும்பங்களின் வாரிசுகளோடு சேர்த்து, போடப்பட்டார்கள். அவர்களுக்கென்று சாசனத்தில் ஒரு பெயர் இல்லை. தேர்தலுக்குப் பின் எட்டு இடங்களை இந்தப் பிரிவுகளை வைத்தே நிரப்புகிறார்கள் என்பதால் இது வெறும் பெயர் விவகாரமும் இல்லை. தமிழர்களிலும் பலர், தங்களை இந்துப் பிரிவுக்குள் கரைத்துவிட்டதாக வருத்தப்படுவதுண்டு. ஆனால் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு, தமிழ் பள்ளியில் பாடமாக உண்டு. தீவில் ஏறக்குறைய எல்லோரும் பேசும் கிரியோல் மொழி தொடக்கப் பள்ளிக்குள் பாடமாக நுழைந்ததே 2012-இல்தான்.

1999-இல் காயா என்ற பாடகர் காவலில் இறந்தபோது தீவு பற்றி எரிந்தது. சேகா இசையையும் ரெகேயையும் கலந்து பாடிய அவர் கிரியோல் இளைஞர்களின் குரலாக இருந்தார். பிறகு அமைந்த உண்மை மற்றும் நீதி ஆணையம் 2011-இல் கொடுத்த அறிக்கை, அடிமைகளின் வாரிசுகள் நிலம் இழந்த விதத்தை விரிவாகப் பதிவு செய்தது. ஓடிப்போன அடிமைகள் ஒளிந்திருந்த லெ மோர்ன் மலை 2008 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.

இந்தியாவில்?

சித்தி மக்கள். எத்தியோப்பியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டு, அகமதுநகர் அரசின் ஆட்சியையே கையில் வைத்து மொகலாயர்களைத் திணறடித்த மாலிக் அம்பர் பெயர் சிலருக்குத் தெரிந்திருக்கும். அகமதாபாதில் கல்லில் மரம் செதுக்கிய சன்னலுக்குப் பெயர்பெற்ற பள்ளிவாசலும் சித்தி சையது என்பவர் கட்டியதுதான். தளபதிகள் கதை இப்படி. கோவாவில் போர்த்துகீசியரிடமிருந்து தப்பி மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் போனவர்களின் வாரிசுகள் கதை வேறு. அவர்கள் கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹளியாள், அங்கோலா பக்கம் கூலி வேலையும் விவசாயமும் செய்து வாழ்கிறார்கள். இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் மூவரும் உண்டு. கன்னடமும் கொங்கணியும் பேசுவார்கள்.

உத்தர கன்னட மாவட்டச் சித்திகள் 2003-இல்தான் பட்டியல் பழங்குடி ஆனார்கள். மாவட்ட எல்லையைத் தாண்டி தார்வாட்டிலும் பெளகாவியிலும் இருந்த உறவினர்களுக்கு அந்தத் தகுதி 2020 வரை கிடைக்கவில்லை. அண்ணன் பழங்குடி, தம்பி இல்லை! 1980-களில் இந்திய விளையாட்டு ஆணையம் சித்திப் பிள்ளைகளை ஓட்டப் பந்தயத்துக்குப் பயிற்சி கொடுக்கத் தேடிப் பிடித்தது. சில ஆண்டுகளில் திட்டத்தைக் கைவிட்டது. உடம்பை மட்டும் அங்கீகரித்த திட்டம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். 2020-இல் சாந்தாராம் சித்தி கர்நாடக மேலவை உறுப்பினரானார். குஜராத்தின் ஜாம்பூரைச் சேர்ந்த ஹீராபாய் லோபி 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார். இன்னமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் சித்தி இளைஞரிடம் எந்த நாடு என்று கேட்கிறார்கள். அவர் கன்னடத்தில் பதில் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள்.

இலங்கையில்?

புத்தளம் அருகே சிராம்பியடியில் ஒரு சிறு சமூகம் இருக்கிறது. போர்த்துகீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் மூவரும் படைகளில் சேர்க்கக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் வாரிசுகள். மாஞ்சா என்ற அவர்களின் பாட்டில் கிரியோல் போர்த்துகீசியம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலங்கை முழுக்க ஆடும் பைலாவிலும் அவர்களின் தாளம் கலந்திருக்கிறது. 2012 கணக்கெடுப்பு பறங்கியர், மலாயர் என்று சிறு சமூகங்களுக்கும் பெயர் கொடுத்தது. இவர்கள் ‘ஏனையோர்’.

தமிழில் எழுதும்போது எப்படிக் குறிப்பிடுவது?

பழைய புத்தகங்களில் இருக்கும் ‘நீக்ரோ’ வேண்டாம். ‘கறுப்பின மக்கள்’, ‘ஆப்பிரிக்க வம்சாவளியினர்’ இரண்டும் சரி. குறிப்பிட்ட சமூகம் என்றால் அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்: சித்தி, கிரியோல், ஆப்ரோ-மெக்சிகன். இலங்கைச் சமூகம் தன்னைக் காப்பிரி என்றே சொல்லிக்கொள்கிறது. தென்னாப்பிரிக்காவில் அதே சொல் கொடிய வசை. இலங்கைக்கு வெளியே அதைப் பயன்படுத்தாதீர்கள்.

ஐ.நா. ஏதாவது செய்ததா?

2001 டர்பன் மாநாடு அடிமை வாணிபத்தை மானுடத்துக்கு எதிரான குற்றம் என்றது. 2015 முதல் 2024 வரை ஒரு பத்தாண்டை இந்த மக்களுக்காக அறிவித்தார்கள்; 2025-இல் இரண்டாவது பத்தாண்டு தொடங்கியது. நிரந்தர மன்றம் ஒன்றும் 2022 முதல் கூடுகிறது. இவற்றுக்குக் கட்டளையிடும் அதிகாரம் கிடையாது. ஆனால் மெக்சிகோவிலும் சிலியிலும் உள்ளூர்ப் போராளிகள் அரசிடம் பேசும்போது இந்த ஆவணங்களைத்தான் மேசையில் வைத்தார்கள். சிலி 2019-இல் தன் ஆப்பிரிக்க வம்சாவளி மக்களைச் சட்டப்படி ஏற்றது.

ஆப்பிரிக்க நாடுகள் இவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்கின்றனவா?

சில நாடுகள் சேர்த்துக்கொள்கின்றன. கானா 2000-இலேயே, வம்சாவளியினர் வந்து தங்கும் உரிமைக்குச் சட்டம் போட்டது. 2019-ஐத் ‘திரும்பி வரும் ஆண்டு’ என்று கொண்டாடியது. 2024 நவம்பரில் 524 பேருக்கு ஒரே விழாவில் குடியுரிமை கொடுத்தது. எத்தியோப்பியா, சஷமனே ஊரில் பல பத்தாண்டுகளாகக் காகிதமின்றி வாழ்ந்த, ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தபாரி சமயத்தவருக்கு 2017-இல் அடையாள அட்டை தர முன்வந்தது.

பெனினின் கதை கனமானது. அங்கே இருந்த தகோமே அரசே போரில் பிடித்தவர்களை உய்தா துறைமுகத்தில் விற்றது. 1999-இல் அதிபர் மாத்தியூ கெரெக்கூ அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஒரு தேவாலயத்தில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். 2024 செப்டம்பரில் வந்த சட்டம் அடிமைகளாக நாடு கடத்தப்பட்டவர்களின் வாரிசுகளுக்குக் குடியுரிமை தருகிறது. 18 வயது ஆகியிருக்க வேண்டும், வேறு ஆப்பிரிக்கக் குடியுரிமை இருக்கக் கூடாது. முன்னோர் பெனினிலிருந்துதான் போனார்கள் என்று காட்ட வேண்டியதில்லை. சகாராவுக்குத் தெற்கே எந்தப் பகுதியாக இருந்தாலும் போதும். அடிமைக் கப்பல் ஏடுகளில் பெரும்பாலும் எண்ணிக்கைதான் இருக்கும், ஆட்களின் பெயர் இருக்காது. அதனால் டி.என்.ஏ. சோதனை, குடும்பப் பதிவு, சாட்சி வாக்குமூலம் என்று எது இருந்தாலும் விண்ணப்பிக்கலாம்.